கைக்கோளாறு

எங்கள் பாடசாலையில் எது பிசகினாலும் அது தன் கையால் பிசகியது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெண் இருந்தார். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு அறுந்து விழுந்தால், முதல்நாள் தான் பலமாக அடித்துவிட்டதாகச் சொல்வார். ஓர் ஆசிரியையின் சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்தால், அந்த ஆணியை அடித்தது தான்தான் என்பார். மின்சாரம் நின்றால்கூட ஒருமுறை சுவிட்சைப் பார்ப்பார், பிறகு தன் விரல்களைப் பார்ப்பார்.

"கைக்கோளாறு தாங்க சேர்."

அவ்வளவுதான். மேற்கொண்டு விளக்கமும் இருக்காது, கண்ணீரும் இருக்காது. பழுதைத் தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எங்கள் கணித ஆசிரியர் குறும்புக்காரர். ஒருநாள் அவரை வாசலில் மறித்தார்.

"ஏங்க, நேத்துப் பேஞ்ச மழையும் உங்க கையாலதானா?"

"வெறகக் காயப் போட்டேங்க சேர். அதான் பேஞ்சிருச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதைப் பாதி நம்பித்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

அவருடைய அந்தப் பழக்கத்தை நான் ஒருமுறை எனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன். நான் செய்த பிழை பல வருடங்கள் அவர் பெயரிலேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தவன். பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபராகப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அந்தப் பெண் அங்கே சிற்றூழியர். அதற்கு முன் பல வருடங்கள் கொழுந்து பறித்தவர். முற்றிய இலை கூடைக்குள் வந்துவிட்டால் கங்காணி எல்லார் முன்னிலையிலும் "ஒன் கை சரியில்ல" என்று சொல்வாராம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. பாடசாலைக்கு வந்த பிறகு அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னைத் தவிர.

பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு புரொஜெக்டர் வாங்கித் தந்தார்கள். பொருட் பதிவேட்டில் அதற்குப் 'பல்லூடக எறியி' என்று பெயர். "எறியியா? யார் மேல எறியணும்?" என்றார் கணித ஆசிரியர். எறிவதற்கு ஆள் இருக்கவில்லை. ஆசிரியர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்த விஷயத்தில் பயமில்லாதவர் ஒருவர்தான் இருந்தார். எப்படியும் பழுது தன்னுடையதுதான் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். ஆகவே அவரிடம் கொடுத்தேன்.

புதிய மண்டபத்தின் பின்பகுதியில், கூரையின் இரும்பு உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டோம். திரை வாங்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு வெள்ளை அடித்து, படம் விழும் அளவுக்குக் கறுப்புச் சாயத்தில் அவர் ஒரு சட்டம் வரைந்தார். படம் அந்தச் சட்டத்துக்குள் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஏணியில் ஏறி, தாங்கியின் திருகுகளைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருப்பார். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

அந்த இயந்திரத்தை அவர் ஒரு நோயாளியைப் போல நடத்தினார். பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் மின்சாரத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போகப் பார்ப்பார்கள். இவர் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். உள்ளே விசிறி ஓடி, விளக்கு சூடு தணிந்து, சத்தம் அடங்கிய பிறகுதான் கையை வைக்க விடுவார். வாரக் கடைசியில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டுவார். அதற்குத் தன் கணவரின் சவரப் பிரஷை எடுத்துவந்துவிட்டார். அந்த மனிதர் ஒருநாள் தாடியோடு என் அலுவலக வாசலில் வந்து நின்றார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். உடம்பெல்லாம் தேயிலை வாசம் அடிக்கும்.

"சேர், இவ அந்த மிஷினுக்கு மொகம் கழுவி விடுறா. என் மொகத்தப் பாருங்க."

"புதுசா ஒண்டு வாங்கித் தரட்டோ?" என்றேன்.

"வேணாங்க சேர். அதையும் கொண்டாந்துருவா."

மலையில் இயந்திரங்களுக்குப் பெரிய எதிரி ஈரம். மழைக்காலத்தில் பாடம் இல்லாத நாட்களிலும் அவர் வந்து அதைச் சிறிது நேரம் ஓடவிடுவார். கணினி இணைக்காமல் ஓடவிட்டால் சுவரில் வெறும் நீலம் விழும். நீலச் சதுரம் ஒன்று, அதைச் சுற்றிக் கறுப்புச் சட்டம், முன்னால் ஒரு வாங்கில் உட்கார்ந்தபடி அவர் மட்டும். சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துவிட்டால் படம் சுவருக்குப் போய்ச் சேருமுன் பாதி வழியிலேயே காற்றில் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கையை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. "செவத்துல போய் விழுந்தாத் தாங்க படம்" என்று சொல்லி எழுந்துபோய்ச் சன்னல்களைச் சாத்துவார்.

இனி அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பின்பாதி மலையை வெட்டிய கெட்டித் தரையில் நின்றது. மேடையும் வெள்ளைச் சுவரும் இருந்த முன்பாதி, சரிவில் மண் கொட்டி நிரப்பிய இடத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். அந்த இடத்திலேயே கட்ட வேண்டும் என்று அலைந்து திரிந்து அனுமதி வாங்கியவன் நான். வாசலில் பதித்த கல்லில் என் பெயர் இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்து முடித்த ஒரே பெரிய காரியம் அது.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் முதன்முதலாகப் படம் சட்டத்தை விட்டு விலகியது. இடப்பக்க மூலை கறுப்புக் கோட்டைத் தாண்டி மேலே ஏறிக் கிடந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"பிள்ளை, உந்தப் படத்தைப் பாரும். ஒரு பக்கம் ஏறிக் கிடக்கு. இதைக்கூட நேரா வைக்கத் தெரியாதோ உமக்கு?"

ஒலிவாங்கி எனக்கு அருகில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கைக்கோளாறு தாங்க சேர்" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போனார்.

கூட்டம் முடிந்த பிறகு எனக்குச் சங்கடமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அதற்குப் பதிலாக அந்த இயந்திரத்தின் ஒரு வசதியை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். தொலை இயக்கியில் ஒரு பொத்தான். அதை அமர்த்தினால் படத்தின் நான்கு மூலைகளையும் தனித்தனியாக இழுக்கலாம்.

"இஞ்ச பாரும். இந்த மூலைக்குப் போய் அம்புக்குறியை அமத்தினால் அது மட்டும் கீழ வரும். ஏணியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவர் அமர்த்தினார். மேலே ஏறியிருந்த மூலை மெல்லக் கீழே இறங்கிச் சட்டத்துக்குள் உட்கார்ந்தது.

"அட! நூலப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குங்களே சேர்!"

அந்த மகிழ்ச்சி இப்போதும் என் கண்முன் நிற்கிறது. அன்றிலிருந்து ஏணி மூலையில் சாய்ந்து கிடந்தது. காலையில் வருவார், இயந்திரத்தைப் போடுவார், மூலையை இழுப்பார். ஆசிரியர்கள் வரும்போது படம் நேராக இருக்கும். பிள்ளைகள் வரும்போது நேராக இருக்கும். நான் எட்டிப் பார்க்கும்போதும் நேராக இருக்கும்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சேர், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்."

"வெள்ளிக்கெழம சரியா வச்சுட்டுத் தாங்க போனேன். திங்கக்கெழம பாத்தா மூலை மேல ஏறியிருக்கு. எறக்கி வச்சேன். மறுநாளும் ஏறியிருக்கு. இப்ப தெனமும் ஏறுதுங்க. யாரும் தொடல. சாவி எங்கிட்டத் தான் இருக்கு. எங்கையில என்னமோ இருக்குங்க சேர்."

அவரோடு மண்டபத்துக்குப் போனேன். ஏணியில் ஏறித் தாங்கியை அசைத்துப் பார்த்தேன். திருகுகள் இறுகியிருந்தன. உத்தரம் அசையவில்லை. கீழே இறங்கி, நீல ஒளியையும் கறுப்புச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஓடும் ரயிலுக்குள் இருப்பவனுக்கு மரங்கள் ஓடுவதாகத் தெரியும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன். படம் மேலே ஏறவில்லை. சட்டம் கீழே இறங்குகிறது. சுவர் இறங்குகிறது. சுவரின் அடியில் இருக்கும் மண் இறங்குகிறது.

இந்த எண்ணம் முழுமையான ஒரு வாக்கியமாக எனக்குள் வந்தது. அதன் பின்னால் மற்றவையும் வரிசையாக வந்தன. அறிவித்தால் ஆட்கள் வருவார்கள். மண்டபத்தை மூடுவார்கள். இந்த இடத்தில் கட்டச் சொன்னது யார் என்று கேட்பார்கள். வாசல் கல்லில் விடை இருக்கிறது. ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. ஒருவேளை ஒன்றும் ஆகாது. சுவர்கள் கொஞ்சம் இறங்கித் தாமாகவே நின்றுவிடுவதும் உண்டு.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மட கைதான் பிள்ளை. பதறாமல் பிடியும். சரியா வரும்" என்றேன்.

"சரிங்க சேர்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. படித்தவர் சொல்லிவிட்டார், இனிமேல் சந்தேகம் இல்லை என்பது போல.

அடுத்து வந்தது தொடர்மழை. பாடசாலைகளை மூடினார்கள். அவரும் கணவரும் குடியிருந்தது லயத்தின் தொங்கக் காம்பரா, அதாவது கடைசி அறை. மண்டபத்தின் மேடைக்கு நேர் கீழே. கணவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவரைப் போர்த்திவிட்டு, மிஷினில் ஈரம் இறங்கிவிடும், ஓடவிட்டு வருகிறேன் என்று இவர் மேலே வந்திருக்கிறார். வந்து கஞ்சி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சத்தம் கேட்டபோது நான் அதிபர் விடுதியில் இருந்தேன். ஓடி வந்து மண்டபத்தின் பின்கதவைத் திறந்தேன். பின்பாதி அப்படியே நின்றது. முன்பாதி இருந்த இடத்தில் வானம் இருந்தது. இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒளி போய் விழச் சுவர் இல்லை. பள்ளத்தின் மேல், மழையிலும் பனியிலும், அந்த நீலச் சதுரம் அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே லயத்தின் ஒரு முனையைக் காணவில்லை.

அவர் பின்பாதியில், வாங்குக்கு முன்னால் நின்றார். கையை நீட்டித் தொலை இயக்கியை நீலத்தை நோக்கிப் பிடித்திருந்தார். பெருவிரல் இன்னும் அமர்த்திக்கொண்டிருந்தது. பிறகு மின்சாரம் போனது.

கணவரின் உடலை மாலையில் மண்ணிலிருந்து எடுத்தார்கள்.

லயத்து ஆட்களைக் கோயில் மண்டபத்தில் தங்கவைத்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், கனிவான மனிதர். தமிழ் தெரியாததால் என்னைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்கச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவருடைய முறை வந்தது. முன்கூட்டியே ஏதாவது அறிகுறி கண்டாரா என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நாந்தாங்க இழுத்தேன்" என்றார் அவர். "படம் ஏற ஏற, தெனமும் மூலையக் கீழ இழுத்தேன். அன்னைக்கும் ஏறுச்சு. இழுத்தேன். மறுபடி ஏறுச்சு. மறுபடி இழுத்தேன். நான் இழுக்க இழுக்கச் செவரும் கூடவே கீழ வந்திருச்சுங்க. எங்கையாலதான் வந்துச்சு. எழுதிக்கச் சொல்லுங்க சேர்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னால் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டிருப்பார். எத்தனை நாளாக ஏறியது? யாரிடம் சொன்னீர்கள்?

"மொக்குத் தெக்கே நே" என்றேன். ஒன்றும் காணவில்லையாம்.

அதிகாரி தலையசைத்துவிட்டு எழுதினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். தோட்டத்துக் கடைகளில் பேசிப் பழகிய சிங்களம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். எங்கள் ஊரில் மலை இல்லை, சரிவு இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை மட்டமாகவே கிடக்கும். ஆனாலும் மழை பெய்கிற நாட்களில் முற்றத்துக்கு மேலே அந்த நீலச் சதுரம் வந்து நின்றுவிடும். கண்ணைக் கழுவிக்கொண்டு பார்த்தாலும் நிற்கும். மனைவி இருந்தவரை அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை.

சென்ற வருடம் அந்தக் கணித ஆசிரியரின் மகளுக்கு ஹற்றனில் கலியாணம். போயிருந்தேன். மண்டபத்தில் மணமக்களின் படங்களைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை ஏறியிருந்தது. "மூலைய இழுத்து நேராக்குங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வெளியே வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று கணித ஆசிரியர் பின்னால் ஓடி வந்தார். இல்லை என்றேன். எங்கள் சிற்றூழியர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். நோர்வூட்டுக்கு அப்பால் புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் இருக்கிறார் என்றார். பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினேன்.

சின்ன வீடு. கதவைத் திறந்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்.

"அய்யோ, சேர்! வாங்க, வாங்க. இருங்க சேர். அந்தக் கதிரை ஆடும், நாந்தான் ஆணி சரியா அடிக்கல. இதுல இருங்க."

தேநீர் போட்டுவந்து, என் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் வைத்தார். எதிர்ச் சுவரில் கணவரின் படம். முகம் சுத்தமாகச் சவரம் செய்திருந்தது. படத்தின் நான்கு ஓரங்களிலும் சுவரில் பென்சில் கோடு இழுத்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"எங்கைய நம்ப முடியாதுங்களே சேர். மாட்டுன அன்னைக்கே கோடு போட்டுட்டேன். காலையில எந்திரிச்சதும் பாப்பேன்."

"நகர்ந்திருக்கோ?"

"இல்லைங்க. இத்தன வருசமா வச்ச எடத்துலயே நிக்குது." திரும்பிப் படத்தைப் பார்த்தார். "அதாங்க சேர் எனக்கு வெளங்கல. இதுவும் எங்கையால வச்சது தானே. இங்க நிக்குது. அங்க மட்டும் ஏன் நிக்கல?"

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு விசாரிக்க வந்த மாத்தயாகிட்ட நீங்க மாத்திச் சொன்னீங்களே, எனக்கு வெளங்கிச்சுங்க சேர். நாங் கேட்டேன். எங்கைக்கோளாறு கடுதாசில ஏறிறக் கூடாது, புருசனக் கொன்னவன்னு நாலு பேரு சொல்லிறக் கூடாதுன்னு தானே சொன்னீங்க? சாமி கும்புடும்போதெல்லாம் ஒங்க பேரையும் சொல்லிக்குவேன்."

இத்தனை வருடமும் அவர் எனக்கு நன்றியோடு இருந்திருக்கிறார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். படம் ஏறவில்லை, சுவர் இறங்கியது என்றேன். பொத்தானை யார் அமர்த்தினாலும், அமர்த்தாவிட்டாலும் அது இறங்கியிருக்கும் என்றேன். நீர் வந்து கேட்ட அன்றே எனக்கு அது விளங்கிவிட்டது என்றேன். தெரிந்துகொண்டுதான் உம்மட கை என்று சொன்னேன். கீழே ஆட்கள் இருப்பதும் தெரியும். அதிகாரியிடம் மாற்றிச் சொன்னது உமக்காக இல்லை, எனக்காக.

வெளியே யாரோ ஆட்டுக்குத் தழை வெட்டும் சத்தம் கேட்டது.

"தெரியுங்களா சேர்?" என்றார்.

"தெரியும்."

"அன்னைக்கே?"

"அன்றைக்கே."

எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். பென்சில் கோட்டின் மேல் விரலை ஓடவிட்டார். மேலிருந்து கீழ், பிறகு குறுக்கே. நான்கு பக்கமும். தன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

இனிமேல் அங்கே இருக்க முடியாது என்று எழுந்தேன். எழுந்த அவசரத்தில் முழங்கை பட்டு மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது. உடைந்தது. குடிக்காத தேநீர் சிமெந்துத் தரையில் பரவியது.

நான் நின்றேன். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாந்தாங்க ஓரத்துல வச்சேன், கைக்கோளாறு தாங்க சேர் என்று அவர் சொல்வார். சொன்னால் நான் படியிறங்கிப் போய்விடலாம்.

அவர் சொல்லவில்லை. உள்ளே போனார். ஒரு துணியை எடுத்துவந்தார். தரையைத் துடைக்கக் குனியவில்லை. துணியை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். முழங்கால் மடங்க நேரம் எடுத்தது. நான் துடைத்து முடிக்கும்வரை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.